கோஷ்டா பால்: வெறுங்காலில் நின்ற சுவர்

நம் குடியிருப்புக்குப் பின்னால் இருக்கும் காலி மனையில் சாயங்காலம் பிள்ளைகள் பந்து விளையாடுவதை நீங்கள் பால்கனியிலிருந்து பார்த்திருப்பீர்கள். பாதிப் பேர் முதுகில் 10, மீதிப் பேர் முதுகில் 7. மெஸ்ஸிகளும் ரொனால்டோக்களுமாக மைதானம் நிறைந்திருக்கும். ஆட்டம் தொடங்குவதற்கு முன் தினமும் ஒரு சண்டை வரும். கோல் போடுவது யார் என்பதில் இல்லை, பின்னால் 'பேக்' நிற்பது யார் என்பதில். ஒருவனுக்கும் அங்கே நிற்க மனசு வராது. கடைசியில் கொஞ்சம் பருமனான பையனையோ, போன மாதம் குடிவந்த பையனையோ அங்கே நிறுத்திவிட்டு மற்றவர்கள் முன்னால் ஓடிவிடுவார்கள்.

இந்த இதழில் நான் சொல்ல வந்தது அந்த இடத்தில் 23 வருடம் நின்ற ஒருவரைப் பற்றி. அவர் பெயர் கோஷ்டா பால். நம் பக்கத்தில் இந்தப் பெயரைக் கேள்விப்பட்டவர்கள் குறைவாக இருக்கலாம். கல்கத்தாவில் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது, சிலை இருக்கிறது, தபால்தலை வந்திருக்கிறது. இந்தியாவில் பத்மஸ்ரீ பட்டம் வாங்கிய முதல் கால்பந்து ஆட்டக்காரர் அவர்தான். இத்தனைக்கும் அவர் ஆடிய காலம் முழுவதிலும் அவருடைய கிளப் கல்கத்தாவின் இரண்டு பெரிய கோப்பைகளில் ஒன்றைக்கூட ஜெயிக்கவில்லை. எனக்கு அவர்மேல் ஆர்வம் வந்ததே இந்தக் கணக்கைப் பார்த்துத்தான்.

முழுப்பெயர் கோஷ்டா பிஹாரி பால். கோஷ்டம் என்றால் மாட்டுத் தொழுவம். அங்கே விளையாடும் கண்ணன் என்பது பெயரின் பொருள். பால் என்பது குடும்பப் பெயர். தொழுவமும் பாலும் சேர்ந்து வந்தது தற்செயல்தான், நம் ஆவினுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பிறந்தது 1896 ஆகஸ்ட் 20. ஊர் போஜேஷ்வர், அன்றைய ஃபரித்பூர் மாவட்டம். இன்று அது வங்கதேசத்தில் இருக்கிறது.

அந்த ஊரைப் பற்றி நம்மைப் போன்ற டெல்டாக்காரர்களுக்கு அதிகம் விளக்க வேண்டாம். நெல்லும் ஆறும் வண்டலும்தான். ஒரே வித்தியாசம், அங்கே ஆறு என்பது பத்மா, அதாவது கங்கையே வேறு பெயரில் ஓடுவது. நம் காவிரி தண்ணீர் வராமல் நம்மைத் தவிக்க விடும். அந்த ஆறு வந்து கரையைத் தின்னும். அந்தப் பகுதியில் ஓடும் பத்மாவின் ஒரு கிளைக்கு கீர்த்திநாசா என்றே பெயர். ராஜாக்கள் கட்டிய மாளிகைகளையும் கோயில்களையும் அடித்துக்கொண்டு போனதால் புகழை அழிப்பவள் என்று வைத்துவிட்டார்கள். கொள்ளிடத்துக்குக்கூட நாம் அப்படி ஒரு பெயர் வைக்கவில்லை.

சிறு வயதிலேயே அவர் கல்கத்தாவுக்கு வந்துவிட்டார். வளர்ந்தது குமார்துலியில். துர்கா பூஜைக்கு களிமண்ணில் அம்மன் சிலைகள் செய்யும் குயவர் தெரு அது. இன்றும் கல்கத்தா போகிறவர்கள் அதைப் பார்க்கப் போவதுண்டு. பந்து விளையாட ஆரம்பித்ததும் அந்தப் பேட்டையில்தான்.

அப்போது கல்கத்தாவில் கால்பந்து என்பது எப்படிப்பட்ட விஷயம் என்று கொஞ்சம் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். வெள்ளைக்காரர்கள் 1872-லேயே கல்கத்தா ஃபுட்பால் கிளப்பை ஆரம்பித்துவிட்டார்கள். அவர்களுக்கு அடுத்து பட்டாளத்து அணிகள். நம்மவர்கள் 1889-ல் மோகன் பகான் கிளப்பைத் தொடங்கினார்கள். பெரிய போட்டிகள் இரண்டு: ஒன்று 1893-ல் ஆரம்பித்த ஐ.எஃப்.ஏ. ஷீல்டு, இன்னொன்று 1898-ல் ஆரம்பித்த கல்கத்தா லீக். லீகில் வெகு காலம் இந்தியக் கிளப்புகளுக்கு இடமே கிடையாது. வங்காளிகள் என்றால் குமாஸ்தா வேலைக்குத்தான் லாயக்கு, உடம்பில் வலு இல்லாதவர்கள் என்று ஆங்கிலேயர்கள் எழுதியும் பேசியும் வந்த காலம் அது. குமாஸ்தாவாகவே 35 வருடம் இருந்தவன் என்கிற முறையில் எனக்கு அதில் கொஞ்சம் மனத்தாங்கல் உண்டு, அது இருக்கட்டும்.

1911 ஜூலை 29-ஆம் தேதி ஷீல்டு இறுதி ஆட்டத்தில் மோகன் பகான் ஈஸ்ட் யார்க்ஷயர் ரெஜிமென்ட்டை 2-1 என்று தோற்கடித்தது. பதினொரு பேரில் பத்துப் பேர் வெறுங்காலில் ஆடினார்கள். எதிரே எல்லோரும் பூட்ஸ். கூட்டத்தில் பின்னால் நின்றவர்களுக்கு ஆட்டம் தெரியாது என்பதால் ஸ்கோரைக் காற்றாடியில் எழுதிப் பறக்கவிட்டார்களாம். ஒரு விளையாட்டுப் போட்டியை வங்காளம் முழுதும் சுதந்திரப் போராட்டத்தின் ஒரு பகுதியாகவே எடுத்துக்கொண்டது. கோஷ்டா பாலுக்கு அப்போது 15 வயதுகூட நிரம்பவில்லை.

அடுத்த வருடமே, 1912-ல், அவர் மோகன் பகானில் சேர்ந்தார். ஷீல்டு ஜெயித்த அணியில் ஆடிய ராஜேன் சென் அவருடைய ஆட்டத்தைப் பார்த்து அழைத்து வந்தார் என்பார்கள். முன்னோர் சம்பாதித்து வைத்த பெரிய பெயர், அதைக் காப்பாற்ற வேண்டிய பொறுப்பு, கையில் ஒன்றும் இல்லாத ஒரு பையன். கடை முதலாளி மகன் பட்டாபிஷேகத்துக்கு மறுநாள் கல்லாவில் உட்கார்ந்த மாதிரி.

அவர் நின்ற இடம் பேக். இன்றைக்கு டிவியில் பார்க்கும் ஆட்டத்தில் பின்னால் நான்கு பேர் நிற்பார்கள். அன்று அப்படியில்லை. கோல்கீப்பருக்கு முன்னால் இரண்டே பேக், அவர்களுக்கு முன் மூன்று ஹாஃப்பேக், அதற்கு முன்னால் ஐந்து ஃபார்வர்டு. எதிரணியிலும் அதே அமைப்பு என்பதால் ஐந்து பேர் உங்களை நோக்கி ஓடி வருவார்கள், நீங்கள் இரண்டு பேர். அவர்கள் காலில் கெட்டித் தோல் பூட்ஸ், அடியில் ஆணி அடித்த குமிழ்கள். உங்கள் காலில் ஒன்றுமில்லை. தோளால் இடித்துத் தள்ளுவது அன்று விதிப்படி சரி. பந்தோ கனத்த தோல் பந்து, மழையில் தண்ணீரைக் குடித்துவிட்டு மரக்கட்டை மாதிரி ஆகிவிடும். அதை வெறுங்காலில் உதைத்து பாதி மைதானம் தாண்ட வைக்க வேண்டும்.

பூட்ஸ் போட்டவன் காலோடு வெறுங்கால் மோதினால் யார் எலும்பு உடையும் என்று சொல்லத் தேவையில்லை. ஆகவே வெறுங்காலில் ஆடும் பேக்குக்கு ஒரே வழிதான் உண்டு. எதிராளியின் கால் பந்துக்கு வருவதற்கு முன்பே நம் கால் அங்கே போய்விட வேண்டும். அரை விநாடி தாமதித்தால் ஸ்ட்ரெச்சர். இதைத் தவறாமல் செய்ய பலம் மட்டும் போதாது. அவன் என்ன செய்யப் போகிறான் என்று அவனுக்கு முன்னால் தெரிந்திருக்க வேண்டும். கோஷ்டா பால் நல்ல உயரமும் கட்டுமஸ்தான உடம்பும் உள்ளவர். ஆனால் பார்த்தவர்கள் எல்லாரும் சொன்னது, அவர் முரட்டு ஆட்டம் ஆடவில்லை என்பதுதான். பட்டாளத்துக்காரர்களோடு ஆடியும் அந்தப் பெயர் கெடவில்லை. கல்கத்தா ஆங்கிலப் பத்திரிகை ஒன்று அவருக்கு 'சீனப் பெருஞ்சுவர்' என்று பெயர் வைத்தது. வெள்ளைக்காரர் பத்திரிகை வைத்த பெயர் என்பதால் அதற்கு மதிப்பு இன்னும் கூடியது.

ஒரு விதியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், பேரப்பிள்ளைகளுக்கு விளக்க உதவும். ஆஃப்சைடு என்பதை எல்லாரும் கேட்டிருப்பீர்கள். இன்று ஒரு ஃபார்வர்டுக்கும் கோல் கோட்டுக்கும் நடுவே கோல்கீப்பர் உட்பட எதிரணியில் இரண்டு பேர் இருந்தால் போதும். 1925 வரை மூன்று பேர் வேண்டும். அதாவது இரண்டு பேக்கில் ஒருவர் சரியான நேரத்தில் ஓரடி முன்னால் வைத்தால் எதிராளி ஆஃப்சைடு. 1925-ல் விதி மாறியதும் உலகம் முழுக்க கோல்கள் கூடிவிட்டன, பேக்குகளின் பிழைப்பு கஷ்டமாகிவிட்டது. கோஷ்டா பால் பாதி ஆட்டக்காலத்தைப் பழைய விதியிலும் மீதியைப் புதிய விதியிலும் ஆடியவர். கையால் லெட்ஜர் எழுதிக்கொண்டிருந்த எங்களை நடுவயதில் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார வைத்த மாதிரிதான் இருந்திருக்கும்.

அமெரிக்காவில் பிள்ளைகள் வீட்டுக்குப் போய் ஆறு மாதம் இருந்துவிட்டு வந்தவர்கள் நம் பிளாக்குகளில் நிறையப் பேர். அங்கே ஞாயிற்றுக்கிழமை டிவியில் முட்டை வடிவப் பந்தை வைத்து ஓர் ஆட்டம் காட்டுவார்கள். அதற்கும் ஃபுட்பால் என்றுதான் பெயர். தலையில் ஹெல்மெட், தோளில் பஞ்சு மூட்டை. அதில் பந்தை எறிபவருக்கு முன்னால் ஐந்து ராட்சதர்கள் வரிசையாக நிற்பார்கள், ஒவ்வொருவரும் 130, 140 கிலோ. நடுவில் இருப்பவர் பந்தைப் பின்னால் எடுத்துக் கொடுப்பதோடு சரி, மற்ற நால்வரும் பெரும்பாலும் பந்தைத் தொடுவதே இல்லை. எறிபவரை எதிராளி நெருங்காமல் மறித்து நிற்பதுதான் அவர்கள் வேலை. எறிந்தவர் படம் பேப்பரில் வரும், பிடித்தவர் படம் வரும். மறித்தவர் தவறவிட்டால்தான் அவர் பெயரை வர்ணனையாளர் சொல்வார். அந்த வேலைக்கு அங்கே கோடிக்கணக்கில் சம்பளம். அன்றைய கல்கத்தாவில் இந்த ஆட்டத்துக்குச் சம்பளம் என்று ஒன்று அதிகாரபூர்வமாகக் கிடையாது. பின்னாளில் வங்கிகளிலும் ரயில்வேயிலும் ஸ்போர்ட்ஸ் கோட்டா வந்தது; கையெழுத்துப் போட்டுவிட்டு பத்தரை மணிக்கே பிராக்டிஸுக்குக் கிளம்பும் தம்பிகளை எங்கள் கிளையில் நாங்களே பார்த்திருக்கிறோம். பொறாமைப்பட்டும் இருக்கிறோம்.

தடுப்பவனுக்குக் கணக்கில் இடமில்லை என்பது எங்கள் தொழிலில் இருந்தவர்களுக்கு நன்றாகத் தெரியும். கவுண்டரில் கொடுத்த ஒவ்வொரு ரூபாய்க்கும் புத்தகத்தில் ஒரு வரி உண்டு. கையெழுத்து ஒத்துப்போகவில்லை என்று கண்டுபிடித்து கொடுக்காமல் நிறுத்திய பெரிய செக்குக்கு டேபுக்கில் வரியே கிடையாது. சாயங்காலம் கணக்கு நேராகிவிடும், அவ்வளவுதான். கோல் போட்டவர்களின் பெயரும் எண்ணிக்கையும் கல்கத்தா பேப்பர்களில் இருக்கின்றன. கோஷ்டா பால் எத்தனை கோலைத் தடுத்தார் என்பதற்கு எங்கே போய்ப் பார்ப்பது?

மோகன் பகானுக்கு லீகில் 1914-ல் இரண்டாம் பிரிவில் இடம் கிடைத்தது, 1915-ல் முதல் பிரிவு. அப்போதும் முதல் பிரிவில் இரண்டு இந்தியக் கிளப்புகளுக்கு மேல் கூடாது என்று ஒரு விதி வைத்திருந்தார்கள். இந்த விதியால் ஒரு வேடிக்கை நடந்தது. 1920-ல் கிழக்கு வங்காளத்துக்காரர்கள் ஈஸ்ட் பெங்கால் என்று தனிக் கிளப் ஆரம்பித்தார்கள். அவர்கள் முதல் பிரிவுக்கு வரத் தகுதி பெற்றபோது உள்ளே ஏற்கெனவே இருந்த இந்தியக் கிளப்புகளே அவர்களை விடுவதற்குத் தயங்கின. வெள்ளைக்காரக் கிளப்புகள்தான் சம்மதித்தன. ரயில் பெட்டிக்குள் இடம்பிடித்தவன் அடுத்த ஸ்டேஷனில் கதவைச் சாத்துவது நமக்குப் புதிதில்லையே! 1925-ல் இரண்டு கிளப்புகளும் லீகில் முதன்முதலாக மோதின, ஈஸ்ட் பெங்கால் 1-0 என்று ஜெயித்தது. அன்று ஆரம்பித்த பகை இன்றுவரை ஓயவில்லை. ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தால் அவர்கள் வீட்டில் இல்லிஷ் மீன், மோகன் பகான் ஜெயித்தால் இவர்கள் வீட்டில் இறால். நம் கோஷ்டா பாலோ பிறப்பால் கிழக்கு வங்காளம், பத்மா நதிக்கரை இல்லிஷ் மீன்காரர். ஆனாலும் கடைசிவரை மோகன் பகானை விட்டுப் போகவில்லை.

1921 முதல் ஐந்து வருடம் அவர் மோகன் பகானின் கேப்டன். அவர் வாழ்க்கையில் ஒரு நாளைப் பற்றி விவரமாகச் சொல்ல வேண்டுமென்றால் நான் 1923 ஷீல்டு இறுதி ஆட்டத்தைச் சொல்வேன். 1911-க்குப் பிறகு பன்னிரண்டு வருடம் கழித்து மோகன் பகான் மறுபடி இறுதி ஆட்டத்துக்கு வந்திருந்தது. எதிரே கல்கத்தா ஃபுட்பால் கிளப், ஊரில் உள்ள வெள்ளைக்காரர்களிலேயே பெரிய மனிதர்களின் கிளப். 27-ஐத் தொடும் வயதில் கோஷ்டா பால் கேப்டன். ஊரே காத்திருந்தது. அன்று மழை. மைதானம் தண்ணீரில் மிதந்தது.

இந்த இடத்தில் நம் ஊர்க்காரர்களுக்குத் தெரிந்த ஒன்று உதவும். சின்ன வயதில் வரப்பில் நடந்தவர்கள் நீங்கள். காய்ந்த வரப்பில் செருப்பைவிட வெறுங்கால்தான் வசதி, கால் விரல் மண்ணைப் பிடிக்கும், ஓடலாம், சட்டென்று திரும்பலாம். அதே வரப்பு நாற்று நடும் நாளில் எப்படி இருக்கும்? விரலை ஊன்றி ஊன்றி மெதுவாக நடந்தால் விழ மாட்டோம். ஓடினால் வயலுக்குள்தான். கல்கத்தா மைதானமும் ஆற்று வண்டல் மண், மேலே புல். காய்ந்திருக்கும் நாளில் மோகன் பகான் ஆட்டக்காரர்கள் பூட்ஸ்காரர்களைச் சுற்றிச் சுற்றி வருவார்கள். மழை பெய்துவிட்டால் பூட்ஸின் குமிழ்கள் தரையில் பதியும், வெறுங்கால் வழுக்கும். ஓடுகிற ஃபார்வர்டாவது ஒருமுறை வழுக்கினால் இன்னொருமுறை பார்த்துக்கொள்ளலாம். பேக் ஒருமுறை வழுக்கினால் கோல்.

அன்று கல்கத்தாவின் கால்பந்து பருவமே மே மாதத்தில் தொடங்கி மழைக்காலம் முழுதும் நடந்தது. ஷீல்டு இறுதி ஆட்டம் வந்தது நடு மழையில். அன்று 3-0 என்று கல்கத்தா கிளப் ஜெயித்தது.

ஏன் பூட்ஸ் போடக்கூடாது என்று நீங்கள் கேட்கலாம். நானும் கேட்டேன். ஒன்று காசு, நல்ல பூட்ஸ் அன்று சாமானியர் வாங்கும் விலையில் இல்லை. இரண்டாவது பழக்கம், பிறந்ததிலிருந்து வெறுங்காலில் பந்து தொட்டவனுக்குத் தோல் பெட்டிக்குள் காலை விட்டால் பந்து எங்கே படுகிறது என்றே தெரியாது. மூன்றாவதுதான் முக்கியம். 1911-ல் வெறுங்கால் பூட்ஸை ஜெயித்தது என்பது வங்காளத்துக்கு ஒரு புராணமாகவே ஆகிவிட்டது. அதன்பிறகு பூட்ஸ் போடுவது என்றால் அந்தப் புராணத்தைப் பொய்யாக்குவது. என் அபிப்ராயத்தைக் கேட்டால், கிளப் நிர்வாகம் மழை நாளுக்கென்று பதினொரு ஜோடி வாங்கி வைத்திருக்கலாம். 1930-களில் முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப் அதைத்தான் செய்தது, ஈரத் தரையில் பூட்ஸ் போட்டு ஆடியது. 1934 முதல் 1938 வரை தொடர்ந்து ஐந்து வருடம் லீக் சாம்பியன், அதுவும் லீகை ஜெயித்த முதல் இந்தியக் கிளப். அந்த முதல் லீகை மோகன் பகான் மயிரிழையில் தவறவிட்ட வருடங்கள் அதற்கு முன்பு பல. எத்தனையோ தடவை இரண்டாம் இடம்.

தோல்வி மட்டுமே என்று நினைத்துவிடாதீர்கள். 1923-லேயே பம்பாய் ரோவர்ஸ் கோப்பையில் ஆட அழைப்பு வந்தது, இறுதி ஆட்டம் வரை போய் டர்ஹம் லைட் இன்ஃபன்ட்ரி என்ற பட்டாளத்து அணியிடம் 4-1 என்று தோற்றார்கள். 1925-ல் சிம்லாவில் நடந்த டூரண்ட் கோப்பையில் ஆட மோகன் பகானை அழைத்தார்கள். பட்டாளத்துக்காரர்களுக்கென்றே நடந்துவந்த போட்டி அது. அரையிறுதி வரை போனார்கள், ஷெர்வுட் ஃபாரஸ்டர்ஸ் அணி தடுத்தது. வைஸ்ராய் வெயிலுக்கு ஒதுங்கும் ஊரில், அவருடைய சிப்பாய்களுக்கு நடுவே, வெறுங்காலில் பதினொரு பேர் இறங்கி ஆடினார்கள் என்பதே பெரிய செய்தியாக இருந்தது. இப்படி ஒவ்வொரு ஊரிலும் மோகன் பகானை அழைத்தார்கள் என்றால், பார்க்க வந்த கூட்டம் பாதிக்குப் பாதி அந்தச் சுவரைப் பார்க்க வந்ததுதான்.

1933-ல் இலங்கைக்குப் போன ஐ.எஃப்.ஏ. அணிக்கு அவர்தான் தலைவர், வயது 37. அடுத்த வருடம் தென்னாப்பிரிக்காவுக்குக் கிளம்பிய இந்திய அணிக்கும் அவரைத்தான் தலைவராக்கியிருந்தார்கள், காயத்தால் போக முடியவில்லை. மோகன் பகானில் அவரோடு பேக் நின்ற சன்மதா தத்தா தலைமையில் அணி போயிற்று.

அவரைப் பற்றிய இரண்டு கதைகள் கல்கத்தாவில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படுகின்றன. ஒன்று கிரிக்கெட். அந்தக் காலத்தில் ஒரே ஆள் எல்லா ஆட்டமும் ஆடுவார். இவர் மோகன் பகானுக்காக ஹாக்கியும் கிரிக்கெட்டும் ஆடினார். வெள்ளைக்காரர் அணியோடு ஒரு கிரிக்கெட் ஆட்டத்தில் வேட்டி கட்டிக்கொண்டு பந்து வீச வந்தார், பேன்ட் போடாமல் ஆடக்கூடாது என்று எதிரணி ஆட்சேபித்தது, இவர் வேட்டியை மாற்ற மறுக்க ஆட்டமே நின்றுபோனது என்பார்கள். இரண்டாவது அவருடைய கடைசிக் காலம். அன்றைய நடுவர்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரர்கள், இந்திய அணிகளுக்கு எதிராகத் தீர்ப்பு சொல்கிறார்கள் என்ற புகார் எப்போதும் உண்டு. கல்கத்தா கிளப்போடு ஓர் ஆட்டத்தில் அது எல்லை மீறிப் போக, கோஷ்டா பால் தன் அணியோடு மைதானத்திலேயே படுத்துவிட்டாராம். கையை ஓங்கவில்லை, வெளிநடப்பு செய்யவில்லை, படுத்தார். ஆடி ஆடி முரட்டுத்தனம் செய்யாதவர் என்று பெயர் வாங்கியவர் எதிர்ப்பு காட்டியதும் அந்த வகையில்தான். அந்தக் கசப்போடுதான் ஆட்டத்தை நிறுத்திக்கொண்டார் என்று சொல்கிறார்கள்.

நிறுத்தியது 1935-ல். வயது 39-ஐத் தொட்டிருந்தது. இன்று மடிப்பும் பிசியோவும் வைத்துக்கொண்டு ஆடுகிறவர்களே 35-ல் ஓய்வு பெறுகிறார்கள். வெறுங்காலோடு, பேக் இடத்தில், 39 வரை!

இப்போது அந்தக் கணக்கைச் சொல்கிறேன். மோகன் பகான் ஷீல்டு ஜெயித்தது 1911, கோஷ்டா பால் சேர்ந்தது 1912. அவர் விலகியது 1935, மோகன் பகான் முதன்முதலாக லீக் ஜெயித்தது 1939. மறுபடி ஷீல்டு ஜெயித்தது 1947-ல், அதுவும் ஈஸ்ட் பெங்காலைத் தோற்கடித்து. ஒரு பக்கம் ஒரு வருடம், இன்னொரு பக்கம் நான்கு வருடம் தள்ளிப் பிறந்திருந்தால் இரண்டில் ஒன்றாவது அவர் கையில் இருந்திருக்கும். இந்த இடைவெளி முழுவதையும் அவர் ஒருவரே நின்று கடந்தார். அந்த 23 வருடத்தில் அவர் நிற்காமல் போயிருந்தால் மோகன் பகான் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியிருக்கும், 1911 ஒரு குருட்டு அதிர்ஷ்டம் என்று எல்லாரும் முடிவு கட்டியிருப்பார்கள் என்பது என் எண்ணம். நிரூபிக்க முடியாது.

வெறுங்கால் விவகாரம் அவரோடு முடியவில்லை. 1948 லண்டன் ஒலிம்பிக்கில் சுதந்திர இந்தியாவின் அணியில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடி பிரான்சிடம் 2-1 என்று தோற்றார்கள். இரண்டு பெனால்டியை வீணாக்கியிருந்தார்கள். நல்ல பெயர் வாங்கிய தோல்வி. 1952 ஹெல்சின்கியில் குளிர், யூகோஸ்லாவியாவிடம் 10-1. அதற்குப் பிறகுதான் பூட்ஸ் கட்டாயம் என்று சம்மேளனம் விதி போட்டது. 1923-ல் தெரிந்த விஷயத்துக்கு முப்பது வருடம் பிடித்தது.

1962-ல் அரசாங்கம் கோஷ்டா பாலுக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. அந்த வருடம் இந்தியக் கால்பந்துக்கு நல்ல வருடம். செப்டம்பரில் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தென்கொரியாவை 2-1 என்று ஜெயித்து தங்கம் வாங்கினோம். கேப்டன் மோகன் பகானின் சுனி கோஸ்வாமி. அந்த ஆட்டத்தின் இரண்டு கோலில் ஒன்றைப் போட்டது ஜர்னைல் சிங். அவரும் மோகன் பகானில் பின்னால் நிற்பவர்தான். தலையில் அடிபட்டுக் கட்டுப் போட்டிருந்ததால் இடம் மாற்றி முன்னால் ஆட விட்டிருந்தார்கள். கோஷ்டா பால் அந்தச் செய்தியைப் படிக்கும்போது அவருக்கு 66 வயது.

1976 ஏப்ரல் 8-ஆம் தேதி அவர் காலமானார். 1984-ல் சிலை வைத்தார்கள், 1998-ல் தபால்தலை வெளியிட்டார்கள்.

காசி, கயா யாத்திரை முடித்து கல்கத்தா வழியாகத் திரும்புகிறவர்கள் நம் குடியிருப்பில் வருடத்துக்கு நாலைந்து பேராவது இருக்கிறார்கள். காளிகாட்டுக்கும் தக்ஷிணேஸ்வரத்துக்கும் போய்விட்டு, பிள்ளைகள் தொந்தரவு தாங்காமல் ஈடன் கார்டன்ஸ் கிரிக்கெட் மைதானத்தையும் வெளியிலிருந்து பார்த்துவிட்டு வருவீர்கள். அதை ஒட்டிப் போகும் சாலைதான் கோஷ்டா பால் சரணி. சிலை அங்கேயே இருக்கிறது, மோகன் பகான் மைதானமும் பக்கத்தில்தான். கிளப் கட்டடங்களை அங்கே இன்றும் 'டென்ட்' என்றுதான் சொல்வார்கள். மைதானம் ராணுவத்தின் நிலம் என்பதால் அந்தக் காலத்தில் கூடாரம் போட்டுக்கொள்ளத்தான் அனுமதி. ஜூலை, ஆகஸ்டில் போனால் குடை எடுத்துச் செல்லுங்கள், புல்தரையில் கொஞ்சம் பார்த்து நடங்கள்.